பத்திரப் பதிவு சொல்வதும் சொல்லாததும்

"ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, இனிமேல் கவலை இல்லை" என்று வீடு வாங்கிய பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வங்கியில் கடன் பிரிவில் பல வருடங்கள் பத்திரக் கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில், அதன் பின்பாதியை என்னால் ஏற்க முடிவதில்லை. காரணம் நம் சட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரம் மூலமே விற்க முடியும் என்றது. இன்றும் அந்த 100 ரூபாய் மாறவில்லை. எப்படிப் பதிவு செய்வது என்பதை 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வகுத்தது. எழுதிக் கையெழுத்திட்ட 4 மாதங்களுக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது அதில்தான் உள்ளது.

ஆனால் இந்தச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தை, உரிமையை அல்ல. இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்கே பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவர் உண்மையான உரிமையாளரா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1908-ம் ஆண்டுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் சொல்லியது. அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. நாம் 'நடைமுறை' என்று அலுத்துக்கொள்ளும் ஒவ்வொரு படியும் இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான்.

வில்லங்கச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். பதிவான பத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததாகவே கருதப்படும் என்று 1929-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் "எனக்குத் தெரியாது" என்ற வாதம் எடுபடாது. வங்கிகள் பொதுவாக 30 வருட வில்லங்கம் கேட்கும். அடமானச் சொத்தை மீட்க வழக்குப் போட 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தரும் கெடுவும் 30 வருடம்தான்.

வில்லங்கத்தில் 'நில்' என்று வந்தாலும் அசல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் பத்திரத்தை ஒப்படைத்தே கடன் வாங்கலாம் என்பது 1882 முதல் உள்ள வசதி. அதற்குப் பதிவு கட்டாயமில்லாத காலம் நீண்டது. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் அந்த ஒப்பந்தங்கள் பதிவுக்குள் வந்தன. ஆகவே பழைய கடன் வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். அசல் எங்கே என்று கேட்டால் தெரிந்துவிடும்.

பவர் பத்திரத்தை நம்பி வாங்குவது மலிவாகத் தோன்றும். பொது அதிகாரப் பத்திரம் மட்டுமே உரிமையை மாற்றாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும்.

இனி நம் விஷயம். அடுக்குமாடியில் நமக்கு நிலத்தில் இருப்பது பிரிக்கப்படாத பாகம், அதாவது யு.டி.எஸ். கட்டடத்துக்கு வயது ஏறும், நிலம் அப்படியே இருக்கும். 2022-ம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி செய்கிறது. அப்படி ஒரு பேச்சு வரும் நாளில் நம் பத்திரத்தில் எத்தனை சதுர அடி யு.டி.எஸ். எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

எனவே இந்த வாரம் உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சர்வே எண், யு.டி.எஸ். அளவு, நான்கெல்லை மூன்றும் தாய்ப்பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா? எல்லா வீடுகளின் பாகங்களையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டாமல் இருக்கிறதா? பிழை இருந்தால், விற்றவர் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுக்கொள்வது சுலபம். வாரிசுகள் காலத்தில் அது கோர்ட் வாசலில் போய் நிற்கும்.