சுட்டதா, கடன் வாங்கினதா? தமிழ் க்ரைம் நாவலின் லண்டன் தொடர்பு

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட் முடிச்சு ஆவடிக்கு ட்ரெய்ன் ஏறும்போது கையில் ஒரு பாக்கெட் நாவல் இருக்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, யாராவது ஒருத்தர். அதைப் பார்த்தாலே எங்க மாமா, "எல்லாம் இங்கிலீஷ்காரன்கிட்ட சுட்டது" என்பார். அப்பா பதில் சொல்லாம அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அவருக்காக இன்னிக்கு நான் சொல்றேன்.

மாமா சொன்னது பாதி உண்மை. 1844-ல் லண்டன்ல ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ்னு ஒருத்தர், நகரத்து மர்மங்களை வாரம் ஒரு பென்னிக்குத் தொடரா விற்க ஆரம்பிச்சார். அவர் கதைகள்தான் ஆரணி குப்புசாமி முதலியார் கையில் தமிழ்ப் பேர் வச்சுக்கிட்டு நடமாடின. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அதே கிணத்துல தண்ணி இறைச்சவர். ஆனா அவரோட துப்பறிவாளர் பேர் திகம்பர சாமியார்! 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கினப்போ எம்.என். நம்பியார் பல வேஷங்களில் வந்தார். இப்படி ஒரு ஆள் எந்த லண்டன்ல கிடைப்பார்?

சரி, கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நம்ம பழைய புத்தகக் கடைகள்ல அடுக்கி வச்சிருக்கிற ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் ஒரு லண்டன்காரர். 1939-ல் வந்த அவரோட முதல் நாவல் அமெரிக்க கேங்ஸ்டர் கதை. அமெரிக்காவை அவர் எழுதினது மேப்பும் ஸ்லாங் அகராதியும் வச்சுக்கிட்டு. தன் எழுத்தை எடுத்துட்டார்னு ரேமண்ட் சாண்ட்லர் புகார் சொல்லி, சேஸ் பகிரங்கமா மன்னிப்பும் கேட்டார். அந்த சாண்ட்லர் படிச்சது எங்கே? லண்டன்ல, டல்விச் பள்ளிக்கூடத்துல. ஆக பிரிட்டிஷ் நுவாரோட கணக்குப் புத்தகத்திலேயே கடன் பக்கம் பெருசுதான்.

நம்ம பக்கம் 1968-ல் குமுதத்துல 'நைலான் கயிறு' தொடரா வந்தப்போ சுஜாதாவும் ஒரு இன்ஜினியர்தான் (இதைச் சொல்றதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம்). அதுல வர்ற வக்கீல் கணேஷ், பெரி மேசனுக்கு தூரத்துச் சொந்தம்னு வேணா சொல்லலாம். அப்புறம் சேர்ந்த வசந்துக்கு எந்த ஊர்லயும் பங்காளி கிடையாது. அந்தக் குறும்பை இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, வராது.

போன வருஷம் வீடு மாறினப்போ அப்பாவோட நாவல்களை எடைக்குப் போட்டது நான்தான். பழைய பேப்பர் கடைக்காரர் மூட்டையைத் தூக்கறப்போ அப்பா ஒண்ணுமே சொல்லலை. ஒரே ஒரு சுபா நாவலை மட்டும் உருவி எடுத்து வச்சுக்கிட்டார். அதுல கடைசி நாலு பக்கம் இல்லை.