இரண்டு பேனா பிடித்தவர்

இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதுன்னு கேட்டதும், எனக்கு நினைவுக்கு வந்தவர் திருவையாற்றில் 1855-ல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். எஞ்சினீயருக்கும் பத்திரிகைக்காரருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

1878-ல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஓர் இந்தியருக்கு அந்தப் பதவியா என்று குறை கூறின. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லை. ஆசிரியர் வேலை பார்த்த சுப்பிரமணிய ஐயரும் ஐந்து நண்பர்களும் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, செப்டம்பர் 20-ஆம் தேதி 'தி ஹிந்து'வை வெளியிட்டார்கள். முதல் இதழ் 80 பிரதிகள்தான்!

ஆங்கிலம் அதிகாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மற்றவர்களுக்கு? அதற்காக 1882-ல் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கினார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே. எழுதியதோடு நிற்கவில்லை, விதவையான தம் மகளுக்கு 1889-ல் மறுமணம் செய்துவைத்தார். உறவும் ஊரும் ஒதுக்கின.

1898-ல் 'ஹிந்து'வை விட்டு விலகினார். மறு வருஷமே 'சுதேசமித்திரன்' நாளிதழாயிற்று. ஆங்கிலத்தில் 1903-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய அதே மனிதர், வரியையும் வறுமையையும் தமிழில் விளக்கினார். 1904-ல் பாரதியாரை உதவியாசிரியராகச் சேர்த்துக்கொண்டார். 1908-ல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். தொழுநோயால் துன்பப்பட்டு 1916-ல் காலமானார்.

இப்போது என் கதை. தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதி நல்ல மார்க் வாங்கினவன் நான். வேலைக்குப் போன புதிதில் கொத்தனார், "இன்னுங் கொஞ்சம் தண்ணி விட்டா கலவை சுளுவா வரும் சார்" என்றார். கூடாதுன்னு சொன்னேன். "ஏன்?" என்றார். தமிழில் விளக்க வாய் வரவில்லை! அவரும் தண்ணீரை விட்டுவிட்டார். அந்தத் தளத்தை உடைத்து மறுபடி போட்டோம். தப்பு அவருடையதில்லை, என்னுடையதுதான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ஆங்கிலத்தை நன்றாகப் படியுங்கள். அதை வேண்டாமென்று ஐயரும் சொல்லவில்லை. படித்ததைக் கொத்தனாருக்கும் புரிகிற மாதிரி ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால், நமக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம்.