உப்பின டப்பாவை வாங்காதீர்கள்

நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் பெட்டியில் ரெடிமேட் சாம்பார், பொங்கல் பாக்கெட்டுகளை வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் அது கெடாமல் இருப்பது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?

இதைத் தொடங்கி வைத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த மிட்டாய் வியாபாரி நிக்கோலா அப்பேர். உணவைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கார்க்கால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். 1810-ல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி பாஸ்டர் விளக்கியது ஐம்பது வருடம் கழித்துத்தான்!

அதே 1810-ல் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை விலைக்கு வாங்கிய பிரையன் டான்கின் கோஷ்டி லண்டனில் தொழிற்சாலை தொடங்கி, 1813 முதல் கடற்படைக்கு இறைச்சி அனுப்பியது. இவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அடைத்த டப்பாக்களைச் சூடான அறையில் சுமார் ஒரு மாதம் வைத்திருப்பார்கள். உள்ளே கெட்டால் வாயு உண்டாகி டப்பா உப்பும். உப்பியதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். (டப்பா திறப்பான் மட்டும் அப்போது கிடையாது. உளியும் சுத்தியலும்தான்.)

பிறகு வந்தார் ஸ்டீபன் கோல்ட்னர். குறைந்த விலை கேட்டுக் கடற்படை ஒப்பந்தத்தைப் பிடித்தார். டெண்டர் கோப்புகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமாக இல்லை. பெரிய பெரிய டப்பாக்களில் அடைத்தார்கள். நடு இறைச்சிவரை சூடு போகவில்லை. 1852-ல் கிடங்கில் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவை அழுகிக் கிடந்தன. 1845-ல் வடதுருவக் கடலுக்குப் போய் 129 பேரும் திரும்பாத ஃபிராங்க்ளின் பயணத்துக்கும் டப்பா கொடுத்தவர் இவரேதான். அந்தச் சாவுகளுக்கு டப்பாதான் காரணமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்தது 1890-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரெஸ்காட்டும் அண்டர்வுட்டும். கொதிநீருக்குச் சாகாத கிருமி வித்துகளும் உண்டு, நீராவி அழுத்தத்தில் 120 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்று காட்டினார்கள். நம் குக்கர் தத்துவம்தான்.

இன்றைய பாக்கெட் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. வெளியே பாலியெஸ்டர், நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலிப்ரொப்பிலீன். தட்டையாக இருப்பதால் சூடு சீக்கிரம் நடுவரை போய்விடும். நம் நாட்டில் மைசூர் ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

ஆகவே கடையில் வாங்கும்போது தேதியோடு விளிம்பு ஒட்டலையும் பாருங்கள். டப்பாவோ பாக்கெட்டோ உப்பியிருந்தால் ருசி பார்க்கக்கூட வேண்டாம். பொட்டுலிசம் விஷத்துக்கு நாற்றமோ ருசியோ கிடையாது.