‘குழப்படி’ப் பிள்ளைகளும் நமது வரலாறும்

வரலாறு என்றதும் ஆட்சிகளின் எழுச்சியும் படைகளின் வெற்றி தோல்வியுமே நம் நினைவுக்கு வருகின்றன. எந்த ஊர் எந்த நாளில் எவர் கைக்கு மாறியது என்பதை ஏடுகள் குறித்துவைக்கின்றன. அந்த ஊரின் பிள்ளைகள் அன்றிரவு உறங்கினார்களா என்பதை எவரும் குறிப்பதில்லை. குறிக்கப்படாத அவ்வரலாறு அழிந்துபோவதுமில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் வகுப்பறைகளில் அது தலைகாட்டுகின்றது.

கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இரணைமடுவின் நீரை நம்பிய வயல்களும், வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரியும், ஊடறுத்துச் செல்லும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியும் கொண்ட உழைப்பாளர் நிலம் இது. குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்தோரும், 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப்பின் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தோரும் காடு வெட்டிக் குடியேறிய மண். இத்தகைய ஊர்களின் பாடசாலைகளில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். தொடங்கிய கணக்கை முடிக்காத பிள்ளை. கதவு அறைந்து சாத்தப்பட்டால் திடுக்கிட்டு எழும் பிள்ளை. காலையில் வயிற்றுவலி என்று சொல்லித் தாயின் சேலையை விடாத பிள்ளை. இவர்களுக்கு நாம் என்ன பெயரிட்டு அழைத்து வந்துள்ளோம்?

நம் முன்னோர் ‘பயந்த கோளாறு’ என்றனர்; திருநீறு போட்டனர், நூல் கட்டினர். அறிவியல் நோக்கில் அது போதாதெனினும், அச்சமே நோயின் வேர் என்ற உணர்வும், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பரிவும் அதில் இருந்தன. பாடசாலையோ ‘குழப்படி’ என்றது, ‘மொக்கு’ என்றது, பிரம்பை எடுத்தது. அடியாத மாடு படியாது என்ற பழமொழி அதற்கு நியாயமாயிற்று. மாட்டுக்குச் சொன்னது மனிதக் குழந்தைக்கும் பொருந்தும் என்று எவர் முடிவுசெய்தார் என நாம் கேட்கவில்லை.

மேலைநாடும் இவ்வழியையே கடந்து வந்தது. 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் இத்தகைய பிள்ளைகளைப்பற்றி விரிவுரையாற்றினார். அறிவிற் குறைவற்ற பிள்ளைகளிடத்தும் இது காணப்படுவதை அவர் கண்டார். ஆயினும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையென்றே வருணித்தார். முதல் உலகப் போரையொட்டிப் பரவிய மூளையழற்சியிலிருந்து தப்பிய பிள்ளைகள் நிலைகொள்ளாது அலைவதைக் கண்டபின், காரணம் மூளையில் இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. 1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி ஊக்க மருந்தொன்று இப்பிள்ளைகள் சிலரை அமைதிப்படுத்துவதைக் கண்டறிந்தார். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் கையேடு ‘அவதானக் குறைபாடு’ என்ற பெயரைச் சூட்டியது. ஒழுக்கக் குற்றமாகப் பார்க்கப்பட்டது உடலியற் குறைபாடாக ஏற்கப்பட எண்பது ஆண்டுகள் பிடித்தன. இது முன்னேற்றமே. ஆனால் பிள்ளையின் தலைக்குள் மட்டும் தேடும் கண், அவன் நிற்கும் நிலத்தைப் பார்க்கத் தவறலாம்.

அந்த நிலத்தில் நடந்ததென்ன? 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரை இராணுவம் கைப்பற்றியபோது ஊர்கள் பெயர்ந்தன. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் கிழக்குக் கரையை வாரிச் சென்றது. 2009 ஜனவரி முதல்வாரத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் வீழ, பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். தருமபுரத்து மருத்துவமனை காயப்பட்டோரால் நிரம்பியது. அம்மாதம் முடியுமுன் அதுவும் பெயர்ந்தது. மே மாதத்தில் யாவும் முடிந்தபோது எஞ்சியோர் மெனிக் பாம் முகாம்களின் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். மீள ஊர் வந்தோர் கண்டது கூரையற்ற சுவர்களை. 2018 டிசெம்பர் வெள்ளம் கட்டியெழுப்பியதில் ஒரு பகுதியை மீண்டும் கொண்டுபோயிற்று.

இவற்றின் விளைவைக் கணக்கிட முயன்றவர்கள் உளர். வடகிழக்கில் 420 மாணவரிடையே, பயிற்சிபெற்ற ஆசிரிய ஆலோசகர்களின் துணையுடன் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, எறிகணை, உற்றார் மரணம் போன்றவற்றைக் கண்டிருந்தனர்; 25 பேர் மனவடு நோய்க்குரிய அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். அப்பிள்ளைகளின் நினைவாற்றலும் பாடசாலைப் புள்ளிகளும் குறைந்திருந்தன. ஆசிரியர் ‘கவனமில்லை’ என்று எழுதும் பிள்ளை, உண்மையில் ஓயாது கவனித்துக்கொண்டிருக்கக்கூடும்: கரும்பலகையையன்று, வாசலையும் வானத்தையும்.

2008இல் வெளியான மற்றோர் ஆய்வு வீட்டினுள் நுழைந்தது. 296 தமிழ்ப் பிள்ளைகளை ஆராய்ந்த அது, போரின் கொடுமையை மிகுதியாகக் கண்ட பிள்ளைகளே வீட்டிலும் மிகுதியாக அடிபட்டனர் என்றும், தந்தையின் குடி அதனோடு பிணைந்திருந்தது என்றும் காட்டியது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் துயரைக் கூட்டு மனவடு என்று விளக்கியமை ஈண்டு கருதத்தக்கது. தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊருமே காயப்பட்டன என்பது அவர் கருத்து.

போருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு இதனால் என்ன என்று சிலர் வினவலாம். 2009இல் பத்து வயதாயிருந்தோர் இன்று பெற்றோராகும் பருவத்தினர். பங்கருக்குள் வளர்ந்த தாய், பிள்ளை படலையைத் தாண்டினாலே பதைபதைக்கிறாள். அப்பதகளிப்பைப் பிள்ளை பாலோடு பருகுவதுபோற் பழகிக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குழந்தைக் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும், தாயின் நிலையே பிள்ளையின் நிலையாதலையும், குண்டைவிடத் தாயைப் பிரிவதே சிறு பிள்ளையை அதிகம் வருத்துவதையும் கண்டு எழுதினர். இதைக் கூறித் தாயைக் குற்றஞ்சாட்டுவது அநீதி. கணவனை இழந்து, கூலிக்கு வயலிறங்கி, நுண்கடன் வசூலிப்போருக்கு அஞ்சி வாழும் பெண்ணிடம் ‘அமைதியாயிரு’ என்று அறிவுரை கூற எவருக்கு உரிமையுண்டு? காணியும் நிலையான வருவாயும் கடனற்ற வாழ்வும் அந்தப் பிள்ளைக்குரிய மருந்துகளே.

எல்லாப் பிள்ளையின் நிலையின்மைக்கும் போரே காரணம் என்று சாதிப்பதும் தவறாகும். பிறவியிலேயே அவதானக் குறைபாடுள்ள பிள்ளைகள் போரறியாத நாடுகளிலும் உள்ளனர். எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவரின் பணி. அவரிடம் பிள்ளையைக் கொண்டுசெல்வதில் வெட்கமில்லை. மருத்துவர் வரும்வரை செய்யத்தக்கனவும் பல உள. ஒரே நேரத்தில் உணவும் உறக்கமும், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல், நீண்ட வேலையைச் சிறு துண்டுகளாக்குதல், முன்வாங்கில் இடம், முடித்ததற்கு ஒரு பாராட்டு, ஓடியாட நேரம். இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை.

பாடசாலைகளில் அடிக்கலாகாது என்று கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டின் சுற்றறிக்கையால் அறிவித்தது. சுற்றறிக்கை வந்ததாற் பிரம்பு தானாக ஒழிந்துவிடவில்லை. எறிகணைக்கு அஞ்சிய உடலைப் பிரம்பினாலும் அஞ்சவைத்துப் படிப்பிக்க முடியுமென்று நம்புவது மூடநம்பிக்கை. நூல் கட்டுவதைவிடக் கொடிய மூடநம்பிக்கை.

1945இல் இலவசக் கல்வி பாடசாலையின் கதவை ஏழைப் பிள்ளைக்குத் திறந்தது. அக்கதவினுள் வந்தபின் அஞ்சாது அமர்ந்திருக்கும் உரிமையை அவனுக்குப் பெற்றுக்கொடுப்பது எஞ்சிய பணி. ஆசிரியத் தோழர்களே, ஆசிரியராகவிருக்கும் மாணவர்களே, நாளை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து யன்னலருகே ஓடினால், ‘குழப்படி’ என்ற சொல்லை நாவில் எடுக்குமுன் அவன் எதைக் கேட்டு ஓடினான் என்று விசாரிப்போம். ஏட்டில் ஏறாத நம் வரலாற்றை அவனிடமிருந்தே நாம் படிக்கத் தொடங்கலாம்.