வயிற்றுப் பருமனும் இதய நோயும்

வயிற்றறைக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு மிகுதியாகச் சேர்வதே வயிற்றுப் பருமன், பேச்சுவழக்கில் தொப்பை. மாரடைப்போடு மொத்த எடையைவிட நெருங்கிய உறவு இதற்கு உண்டு. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அத்தனை கெடுதல் செய்வதில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் வலியுறுத்தியவர் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். பருமனை ஆண்பாங்கு, பெண்பாங்கு என்று 1947இல் பிரித்த அவர், ஆண்பாங்காக மேலுடல் பருத்தவர்களுக்கே நீரிழிவும் தமனித் தடிப்பும் அதிகம் வருவதாக 1956இல் எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. சுவீடனின் கோதன்பர்க் ஆய்வுகள் 1984இல் வெளியான பிறகே அவர் சொன்னதன் அருமை தெரிந்தது. 52 நாடுகளில் 27,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் 2005இல் அதையே உறுதிசெய்தது: மாரடைப்பு அபாயத்தைக் காட்டுவதில் பிஎம்ஐ எனப்படும் உடல் நிறைக் குறியீட்டைவிட, வயிற்றுச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் மேலானது.

வயிற்றறைக் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அன்று. அதன் ஒரு பகுதியிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகம் உற்பத்தி செய்கிறது. நல்ல கொலஸ்டிரால் குறைகிறது. இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்வதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் இதே கொழுப்புத் திசு சுரக்கிறது. இரத்த அழுத்தமும் ஏற, கரோனரி தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவு வளர்கிறது. தமனி அடைபடாதவர்களும் தப்பிவிட முடியாது. பெருத்த உடலுக்கு இரத்தம் அனுப்பியே இதயத் தசை தடித்து, நாளடைவில் இதயச் செயலிழப்பும் ஏட்ரியத் துடிப்புக் கோளாறும் வரலாம்.

தெற்காசியர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே சான்றாகக் காட்டினர். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடைக் கருவியை மட்டும் நம்புவது இங்கே போதாது. அதனால் இந்தியாவில் வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். பேண்ட் அளவை வைத்துச் சொல்வது ஏமாற்றும். தொப்பை உள்ளவர்கள் பலர் அதற்குக் கீழேதான் பேண்ட்டை இறுக்குகிறார்கள்.

எடை குறைந்தால் இதயம் பிழைக்குமா என்பதற்கு ஆய்வுகள் ஒரே விடை தரவில்லை. நீரிழிவு நோயாளிகளை உணவாலும் உடற்பயிற்சியாலும் இளைக்க வைத்த அமெரிக்காவின் லுக் அஹெட் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2012இல் அதை நிறுத்திவிட்டனர். நீரிழிவு இல்லாத, ஏற்கெனவே இதய நோய் உள்ள 17,604 பேரிடம் எடையைக் குறைக்கும் செமாகுளுடைடு ஊசி மருந்தைச் சோதித்த செலக்ட் ஆய்வோ, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 விழுக்காடு குறைந்ததாக 2023இல் அறிவித்தது. அந்தப் பலன் முழுவதும் எடை இறங்கியதால் வந்ததன்று. அதிகம் இளைக்காதவர்களுக்கும் அது கிடைத்தது.