அயர்லாந்தும் வேல்சும்: ஒரு கடல்வழி உறவின் வரலாற்று அடிப்படைகள்

கெல்ற்றிய மொழிகள் வழங்கும் நாடுகளிடையேயான உறவினைத் தொன்மையான இனத்தொடர்பின் எச்சமாகக் காணும் போக்கு ஒன்றுண்டு. ஐரிஷ் கடலின் இரு கரைகளிலும் அமைந்த அயர்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வுறவின் வடிவத்தை நிர்ணயித்தது இனவுணர்வன்று, அரசியல் அதிகாரத்தின் இருப்பிடமே என நாம் கருதுகின்றோம்.

முதலிற் பொருளாதாரத் தொடர்பினை நோக்குவோம். 1801இல் நடைமுறைக்கு வந்த ஒன்றிணைப்புச் சட்டம் டப்ளின் பாராளுமன்றத்தை ஒழித்து, இலண்டன் பொதுச்சபையில் அயர்லாந்துக்கு 100 ஆசனங்களை வழங்கியது. உறுப்பினரும் அஞ்சலும் விரைந்து செல்லும் பொருட்டு, இலண்டனிலிருந்து ஹொலிஹெட் துறைமுகம் வரையான பெருந்தெரு தோமஸ் ரெல்போட்டின் பொறுப்பிற் சீரமைக்கப்பட்டது. 1826இல் திறக்கப்பட்ட மெனாய் தொங்குபாலம் அதன் ஓர் அங்கமாகும். வடவேல்சை ஊடறுத்துச் சென்ற இப்பாதை வேல்சின் வடக்கையும் தெற்கையும் இணைக்கவில்லை. டப்ளினை இலண்டனுடன் பிணைத்தது. வணிகமும் அதன்வழியே வளர்ந்தது.

புலமைத் தொடர்பின் வரலாறு வேறானது. வேல்சு மரபினரான எட்வேட் லொயிட், 1697 முதல் 1701 வரை கெல்ற்றிய நாடுகளிற் பயணஞ் செய்து, அம்மொழிகளின் உறவினை 1707இல் வெளியிட்ட தமது நூலில் ஒப்பீட்டு முறையில் விளக்கினார். ‘கெல்ற்றிய உறவு’ என்ற கருத்தே பெரிதும் இத்தகைய புலமையின் விளைவு என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் இத்துறையிலும் அரசதிகாரத்தின் செல்வாக்கினைக் காணலாம். சுதந்திர அயர்லாந்து 1940இற் சட்டமியற்றி டப்ளின் உயர்கல்வி நிறுவகத்தையும் அதனுள் கெல்ற்றியக் கல்விப் பிரிவையும் அமைத்தது. தனியரசற்ற வேல்சிலோ, 1985இற் பல்கலைக்கழகமே ஏபரிஸ்துவித்தில் ஆய்வு மையம் ஒன்றை நிறுவியது.

இராசதந்திர உறவு மிகப் பிந்தியது. 1999இல் வேல்சுக்குத் தேசிய மன்றம் அமைந்த பின்னரே டப்ளினுக்கு அங்கு நேரடியாகப் பேசத்தக்கதோர் அரசியல் தரப்பு உருவாயிற்று. 2009இல் மூடப்பட்ட காடிஃப் துணைத் தூதரகத்தை அயர்லாந்து 2019இல் மீளத் திறந்தது. 2021இல் இரு அரசாங்கங்களும் கூட்டுச் செயற்றிட்டம் ஒன்றை வெளியிட்டன. ஆயினும் வெளிவிவகார அதிகாரம் இலண்டனிடமே உள்ளது.

இதன் விளைவு அதே 2021இற் புலப்பட்டது. ஐரோப்பியத் தனிச்சந்தையினால் 1993 முதல் நீங்கியிருந்த சுங்கத்தடை, பிரித்தானியாவின் வெளியேற்றத்தால் மீண்டது. ரொஸ்லெயரிலிருந்து பிரான்சின் டன்கேர்க்குக்கு நேரடிக் கப்பற்சேவை தொடங்கியது. ஹொலிஹெட் வழியான சரக்குப் போக்குவரத்துக் குறைந்தது. 2016 வாக்கெடுப்பில் வேல்சு வாக்காளரிற் பெரும்பான்மையினரும் வெளியேற்றத்தையே ஆதரித்தனர் என்பதை மறத்தலாகாது. எனினும் வெளியேறும் முறையையும் நிபந்தனைகளையும் தீர்மானித்தது காடிஃப் அன்று. மொழியுறவு அயலவரை நெருங்கச் செய்யலாம். அந்நெருக்கத்தைப் பேணும் அதிகாரத்தை அது மட்டும் வழங்கிவிடாது.