வீடு யார் பேரில்? மட்டக்களப்பில் குடியும் சீதனமும் சட்டமும்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு கலியாணப் பேச்சு தொடங்கினால் இரண்டு கேள்வி தவறாமல் வரும். ஒண்டு, "என்ன குடி?" மற்றது, "பொம்பிளைக்கு வீடு இருக்கா?" முதல் கேள்வியை இப்ப கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கிறார்கள். டவுன் பக்கம் கேட்காமலே விடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியின் சத்தம் மட்டும் குறையவே இல்லை.

இரண்டும் ஒரே வரலாற்றில இருந்துதான் வருது. அந்த வரலாற்றுக்குள்ள சட்டம் குறைந்தது மூன்று தடவை நுழைந்து, குடும்பம் எண்டால் இதுதான் எண்டு தன்னுடைய கணக்கைச் சொல்லியிருக்கு. ஒவ்வொரு தடவையும் எங்கட சனம் அதுக்குள்ள ஒரு வழியைத் தேடியிருக்கு, அல்லது எதையாவது இழந்திருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் குடி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டு கரையிலும் ஒரு பிள்ளையின் குடி தாயின் குடிதான். அப்பா எந்தக் குடியாக இருந்தாலும் கணக்கில் வராது. ஒரே குடிக்குள்ள கலியாணம் செய்யக்கூடாது, ஏனெண்டால் ஒரே குடிக்காரர் சகோதரர். குடிக்குள்ள இருக்கிற சிறிய கிளையை வயிற்றுவார் எண்டு சொல்வார்கள். வார்த்தையே சொல்லுது, ஒரு வயிற்றில் இருந்து பிரிந்த கிளை. யோசிச்சுப் பாருங்க, எங்கட பெயருக்கு முன்னால் நிற்கிற இனிசியல் அப்பாவுடையது, எங்கட குடி அம்மாவுடையது. பாடசாலைப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் ஒரு ஆள், கோயில் திருவிழாவில் இன்னொரு ஆள்.

இது தமிழருக்கு மட்டும் உரியது இல்லை. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி இருக்கு. கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பதுபோல, பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்து வந்திருக்கிறார். போரில் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்த இரண்டு சமூகங்கள், "நீ யாருடைய பிள்ளை" என்ற கேள்விக்கு மட்டும் ஒரே மாதிரிப் பதில் சொல்லியிருக்கு.

இரண்டாவது, வீடு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவுக்குள்ள இன்னொரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடும் போகும். கடைசியில் அக்கா தங்கச்சிமார் பக்கத்து பக்கத்து வீட்டில் இருப்பார்கள், தாய் நடுவில் இருப்பார். புருசன்மார்தான் வெளியில இருந்து வந்தவர்கள்.

இந்த அமைப்பு மனசையும் ஒரு மாதிரி வளர்த்திருக்கு. இங்க ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீடு எண்ட பயம் பெரும்பாலும் இல்லை, ஏனெண்டால் அவள் எங்கும் புகுவதில்லை. சண்டை முற்றினால் வாசலைத் தாண்டிப் போகிறவர் பெரும்பாலும் புருசன்தான். சின்னம்மாவும் பெரியம்மாவும் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு அம்மா மாதிரி. அதே நேரம், தங்கச்சிக்கு வீடு கட்டாமல் தான் கலியாணம் செய்யக்கூடாது எண்டு முப்பத்தைந்து வயது வரை பொறுத்திருக்கிற அண்ணனையும் இதே அமைப்புத்தான் உருவாக்குது. அவருடைய வெட்கம், கடமையுணர்ச்சி எல்லாம் தனிப்பட்ட குணம் மாதிரித் தெரியும். ஆனால் அந்தக் குணம் எந்த மண்ணில் முளைத்தது எண்டும் பார்க்கவேணும்.

"அப்ப மட்டக்களப்பில் பெண்கள் ஆட்சியா?" எண்டு கேட்டால், இல்லை. வண்ணக்கரும் மரைக்காயரும் ஆண்கள். வயலை ஆண்ட போடியாரும் ஆண். உரிமை பெண் வழியாக ஓடியது, அதிகாரம் ஆண்களிடம் இருந்தது. இதை மறந்தால் அடுத்து வருகிற சட்டக் கதை விளங்காது.

ஒல்லாந்தர் காலத்தில், 1706-07 இல், யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைகளைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுத்தில் தொகுத்தார். அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். மட்டக்களப்பின் வழமைக்கு அப்படி ஒரு தொகுப்பு அந்தக் காலத்தில் வரவில்லை. "முக்குவர் சட்டம்" என்ற பெயரில் அது நீதிமன்றங்களில் வழக்குக்கு வழக்கு பேசப்பட்டது. அதன் சாரம் இதுதான்: பரம்பரைச் சொத்தான முதுசம் தாய்வழியில் போகும். ஒரு ஆண் இறந்தால் அவருடைய முதுசம் அவருடைய பிள்ளைகளுக்கு இல்லை, சகோதரியின் பிள்ளைகளுக்கு. அவர் உழைத்துத் தேடிய தேட்டம் சொந்தப் பிள்ளைகளுக்குப் போகலாம்.

1876 இல் கிறிஸ்தோபர் பிரித்தோ இந்த வழமை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதே 1876 இல்தான் திருமண உரிமைகள், வாரிசுரிமை பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை ஆகியவற்றுக்கு உட்பட்டவர்களுக்கு அது விலக்குக் கொடுத்தது. முக்குவர் சட்டத்துக்குக் கொடுக்கவில்லை. புத்தகமாக வந்த ஆண்டிலேயே எங்கட வழமை சட்டப் புத்தகத்தை விட்டு வெளியேறியது.

அதனால்தான் இலங்கையில் தமிழ் பேசுகிற பெண்களுக்கு ஒரே சட்டம் இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, சீதனமாக வந்த தன்னுடைய காணியை விற்கவும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிறாள், அவளுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. காத்தான்குடிப் பெண்ணின் வாரிசுரிமையை 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஆளுகிறது. அதில் மகனின் பங்கில் பாதிதான் மகளுக்கு.

சரி, சட்டம் போனதும் தாய்வழி முறை செத்துவிட்டதா? கேரளத்தைப் பாருங்க. அங்க மருமக்கத்தாயம் 1933 ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் போன்ற பல சட்டங்களால் படிப்படியாக உடைந்தது. 1975 ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்து முறையையே முடித்து வைத்தது. தறவாடுகள் பங்கு பிரிந்தன, தாய்வழிக் குடும்பம் பெரும்பாலும் கதைகளில்தான் மிஞ்சியது. மட்டக்களப்பில் நடந்தது வேறு. புதிய சட்டப்படி, உறுதி எழுதாமல் பெற்றோர் இறந்தால் சொத்து ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆனால் எங்கட சனம் இறக்கும் வரை காத்திருக்கவில்லை. கலியாணத்தின்போதே நொத்தாரிசிடம் போய் வீட்டையும் வளவையும், வசதி இருந்தால் வயலையும், மகளுக்குச் சீதன உறுதியாக எழுதினார்கள். பெற்றோர் கண்மூடும்போது பிரிக்கிறதுக்குப் பெரிதாக ஒண்டும் மிஞ்சாது. முஸ்லிம் குடும்பங்களும் இதையேதான் செய்தன. வாரிசுச் சட்டம் பாதிப் பங்கு எண்டாலும், உயிரோடு இருக்கும்போதே கொடுத்த வீடு முழுசாக மகளுக்கு.

1969 இலிருந்து அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார். முதுசம் தாய்மாமனிடம் இருந்து மருமகனுக்குப் போன காலத்தில், பெண் வழி என்பது ஆண்கள் கைமாற்றுகிற ஒரு பாதையாகத்தான் இருந்தது. சீதன உறுதி வந்த பிறகு அந்தப் பாதையில் இருந்த பெண்ணே சொந்தக்காரியாகிறாள். தாய்வழி முறையை நீக்கிய சட்டத்துக்குப் பிறகுதான் பெண்களின் பெயர் உறுதியில் ஏறத் தொடங்கியது. நான் இந்த வரலாற்றைப் படிக்கும்போது என்னை உலுப்பிய இடம் இதுதான். "பண்பாடு" எண்டு நாங்கள் இண்டைக்குக் காக்க நினைக்கிற சீதன வீடு, ஆதியில் இருந்து அப்படியே வந்த ஒண்டு இல்லை. பழைய வழமையும் புதிய சட்டமும் மோதிய இடத்தில் சாதாரண குடும்பங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

இரண்டாவது தடவை சட்டம் வந்தது 1935 இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாக. அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கிற சட்டம். ஒரு காணி, ஒரு பெயர். பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகன் முதலில், மகள் பிறகு. மறுமணம் செய்தால் விதவையின் உரிமை போகும். அப்போதைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேதான் 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. 1961 இல்தான் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. கிழக்கில் குடியேற்றங்களிலும் அரச காணிகளிலும் இருந்த குடும்பங்களுக்கு இந்தச் சட்டம்தான் "குடும்பத் தலைவர்" எண்டால் யார் எண்டு சொன்னது. மகள் வீட்டில் வாழ்கிற தாய் தகப்பனுக்கு, காணியை மகனுக்கு எழுது எண்டு அரசாங்கம் சொன்ன மாதிரி. அந்த அட்டவணையில் இருந்த ஆண் பெண் வேறுபாடு 2022 இல்தான் திருத்தப்பட்டது. கிட்டத்தட்ட 87 வருசம்.

மூன்றாவது தடவை வந்தது சட்டம் இல்லை, ஒரு படிவம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் கரையெல்லாம் போனது. இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூட. வடக்கு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது எண்டு முதலில் அறிவித்தார்கள், சனத்தை வேறு இடத்தில் குடியேற்றினார்கள். அழிந்த வீடு அம்மாவின் சீதன வீடு. புதிய வீட்டுக்கான படிவம் கேட்டது குடும்பத் தலைவரின் பெயர். பல இடங்களில் அங்க ஆணின் பெயர்தான் எழுதப்பட்டது. மனைவியின் பெயரிலும், இல்லாட்டி இருவர் பெயரிலும் எழுதுங்க எண்டு மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. ஆனால் நிர்வாகம் ஒரு பெயருக்குத்தான் பழகியிருந்தது.

இதால் என்ன குறைந்துவிடும் எண்டு நினைக்கலாம். ஒரு உதாரணம் எடுத்துப் பாருங்க. தாய் சுனாமியில் இறந்துவிட்டார். தாயின் வளவு மகளுக்கு வரவேண்டியது. புதிய வீடு தகப்பன் பெயரில் வருது. தகப்பன் மறுமணம் செய்கிறார். அந்த மகளின் வீடு எங்க? அக்கா தங்கச்சிமாரும் வேறு வேறு திட்ட வீடுகளுக்குப் பிரிந்துபோனால், போர்க்காலத்தில் புருசனை இழந்த பெண்களைத் தாங்கிய அந்தப் பக்கத்து வீட்டு வேலியும் இல்லை.

இப்ப எங்கட தலைமுறைக்கு வருவோம். "சீதனத்தை ஒழிப்போம்" எண்டு நாங்கள் சுவரொட்டி ஒட்டுகிறோம். முஸ்லிம் சமூகத்திலும் சீதனம் வாங்காமல் மஹர் கொடுத்து முடி எண்டு பிரசாரம் நடக்குது. கோபம் நியாயமானது. சீதன வீட்டுக்காக மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எங்கட ஊர்களில் எத்தனை பேர்? ஒரு பெண் தன்னுடைய இருபதுகளை இன்னொரு நாட்டுச் சமையலறையில் செலவழித்து, வந்து மாப்பிள்ளைக்கு வீடு காட்டவேண்டியிருக்கு. வீடு இல்லாதவளுக்குக் கலியாணம் இல்லை எண்டால் அது உரிமை இல்லை, விலை.

ஆனால் சுலோகத்தை அப்படியே இறக்குமதி செய்தால் ஒரு ஆபத்து இருக்கு. வேறு பல இடங்களில் சீதனம் எண்டால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற காசு. இங்க அதன் பெரிய பகுதி, மகள் பெயரில் நிற்கிற வீடு. அதை மட்டும் ஒழித்து, பதிலுக்கு ஒண்டும் செய்யாவிட்டால், பெண் கையில் இருந்த ஒரே சொத்தும் போகும். ஒழிக்கவேண்டியது வீட்டை இல்லை. வீட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் போட்ட முடிச்சை.

அதாவது வீடு மகளுக்கு வருவது அவள் மகள் என்பதால். அவள் கலியாணம் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, பிரிந்து வந்தாலும் சரி. உறுதியில் அவள் பெயர். சில உறுதிகளில் மருமகன் பெயரும் சேர்ந்துதான் ஏறுது. அதை வழமை எண்டு பேசாமல் கடந்து போகிறோம். 1876 க்குப் பிறகு எங்கட முன்னோர் வழமையை மாற்றித்தான் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்தார்கள். அப்படியெண்டால் இன்னொரு தடவை மாற்றுவது பண்பாட்டுக்குத் துரோகம் இல்லை. அண்ணனுக்கும் அது விடுதலைதான்.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன். பெட்டகத்திலோ அலுமாரியிலோ கிடக்கிற உங்கட வீட்டு உறுதியை ஒருக்கா எடுத்துப் பாருங்க. அனுமதிப்பத்திரக் காணி எண்டால் பின்னுரித்தாளர் யார் எண்டு பிரதேச செயலகத்தில் கேளுங்க. யார் யாருக்கு, எந்த ஆண்டு, எந்தக் காரணம் சொல்லி எழுதினார்கள் எண்டு வாசியுங்க. அம்மம்மாவிடம் இருந்து அம்மாவுக்கு எப்படி வந்தது எண்டு அவர்களிடமே கேளுங்க. பிறகு வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, அடுத்த பெயர் யாருடையது எண்டும் கேளுங்க.